ஆற்றுக்கு விட வேண்டிய இடம்

வெலிமடையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செல்வராணி மிஸ் காலையில் மாரடைப்பால் போய்விட்டார் என்று அலுவலகப் பியோன் சொன்னார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதுகூட எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் பிரதேச சபையில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் கட்டட அனுமதிக் கோப்புகளைப் பார்க்கும் எழுதுவினைஞர். அவர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட லயத்தில், வரிசை வீடுகளின் ஓர் அறையில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்தவர். ஆற்றோரத்தில் யார் மண் நிரப்பினாலும், சுவர் எழுப்பினாலும் அளவு நாடாவோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். முஸ்லிமான என்னை, அண்ணன் முறைக்கு, "நானா" என்றுதான் கூப்பிடுவார். மழைநாளில் நீர்விளிம்பு வரை இறங்குவார். நான் மேலே நின்று, "வழுக்குது மிஸ், போதும்!" என்று கத்துவேன். "தண்ணி ஏறி வாறப்போ போதும்னு சொன்னா கேக்குமா நானா?" என்பார்.

லுணுகலைப் பக்கம் ஓர் ஆற்று வளைவில் அவர் ஒரே நாளில் இரண்டு இடங்களை அளந்தார். ஒரு கரையில் புதிய விடுதி ஒன்று ஆற்றுக்குள்ளேயே நீட்டிக் கருங்கல் சுவர் கட்டியிருந்தது. எதிர்க்கரையில், கொஞ்சம் கீழே, பார்வதி என்ற தோட்டத் தொழிலாளி தகரம் போட்டு ஓர் அறை கட்டியிருந்தார். புருஷன் இல்லாதவர். இரண்டுமே ஆற்றுக்கு விட வேண்டிய இடத்தில் இருந்தன. இரண்டையும் அகற்றச் சொல்லி அறிவித்தல் கொடுத்தார்.

பார்வதி விடவில்லை. "நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே மிஸ்? ஒத்தக் காம்பராவுல ஏழு பேரு எப்படிப் படுப்போம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு. பிள்ளைங்க தூங்கறப்போ தண்ணி வந்தா என்ன செய்வீங்க?"

பார்வதி அறையைத் தன் கையாலேயே பிரித்தார். விடுதிக்காரர் மேன்முறையீடு செய்தார். விடுதிக்குக் கொடுத்த அறிவித்தலை நிறுத்திவைக்கும் கடிதத்தை மேலதிகாரிகள் என்னைத் தயாரிக்கச் சொன்னார்கள். "அளவு அறிக்கை கிடைக்கப்பெறவில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அறிக்கை என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அந்த வரியைத் தட்டச்சு செய்தேன்.

பிரதியை வாசித்துவிட்டு மிஸ் என் மேசைக்கு வந்தார்.

"அந்த ரிப்போர்ட்ட ஒங்க கையிலதானே குடுத்தேன் நானா?"

"மேல சொன்னாங்க மிஸ்."

"மேல சொன்னாங்க. அங்க பார்வதி அறையப் பிரிச்சிட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவர் பார்வதிக்காக அலைந்தார். தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகம் என்று ஏறாத படி இல்லை. முகம் கொடுத்துப் பேசாத பார்வதியையும் கூட்டிக்கொண்டுதான் போனார். இரண்டு வருடம் கழித்துப் பாதைக்கு மேலே ஒரு துண்டு நிலம் கிடைத்தது.

போன மழைக்கு ஆறு பெருகியது. விடுதிச் சுவரில் மோதிய வெள்ளம் திரும்பி எதிர்க்கரையை அறுத்தது. பார்வதியின் அறை இருந்த இடமே இல்லை. நான் மிஸ்ஸுக்கு அழைத்தேன்.

"நீங்க சொன்னதுதான் நடந்திச்சு மிஸ்."

அவருக்குக் கோபம் வந்தது. "அந்தக் கரையில லீக்ஸ் போட்டவங்க தோட்டமெல்லாம் போயிருச்சு நானா. ஒரு ஆளு கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு. நான் சொன்னது நடந்ததுல எனக்கு என்ன பெருமை? விசாரணை வருதாம். அந்த ரிப்போர்ட்ட இப்பவாவது வெளிய வைங்க."

"பாக்கலாம் மிஸ்" என்றேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

மரண வீட்டில் பார்வதி ஒரு மூலையில் நின்றிருந்தார். "அன்னைக்கு வயித்தெரிச்சல்ல மிஸ்ஸுக்குச் சாபமே விட்டேங்க. இப்ப எம்புள்ளைங்களப் பாக்கிறப்போ எல்லாம் அதுதான் நெனப்பு வருது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அறிக்கையை விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்தேன். என் வாக்குமூலத்தையும் எழுதிக் கொடுத்தேன். இனி என்ன நடக்கும் என்று தெரியாது. வேலை போகலாம். வீட்டில் இன்னும் முழுவதும் சொல்லவில்லை.

அந்த அறிக்கையை நான் அன்றுதான் முழுதாக வாசித்தேன். நாங்களெல்லாம் "அளவிடப்பட்டது", "அவதானிக்கப்பட்டது" என்று எழுதுகிறவர்கள். யார் செய்தது என்று அதில் இருக்காது. அவர் "நான் அளந்தேன்", "நான் பார்த்தேன்" என்று எழுதியிருந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். என் வாக்குமூலத்தை, "அறிக்கையை மறைத்தது நான்" என்று தொடங்கியிருக்கிறேன்.