ஏழாம் நம்பர் இரங்கற்பா

மன்னார்புரத்தில் ஓர் அச்சகத்துக்கு இருபது வருடமாக இரங்கற்பா எழுதிக் கொடுத்தவன் நான். காரியப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் அச்சகக்காரர் ஒரு ஃபைலை நீட்டுவார். அப்பாவுக்கு என்றால் மூன்றாம் நம்பர், அம்மாவுக்கு ஐந்து, மனைவிக்கு ஏழு. பெயரை மட்டும் மாற்றினால் போதும். அப்பாக்கள் எல்லாரும் இமயமலை, அம்மாக்கள் எல்லாரும் ஆலயம். என் ஃபைலைப் படித்தால், திருச்சி மாவட்டத்தில் சாதாரண மனிதர் ஒருவர்கூடச் சாகவில்லை என்றுதான் தோன்றும்.

ஏழாம் நம்பரை எழுதிய அன்று என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ‘குலவிளக்கே, தென்றலே, அதிர்ந்து பேசாத அன்னமே’ என்று போகும். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் இருந்தது; அதற்குக் கவிதை பொறுப்பல்ல.

“இந்தப் பொம்பளை ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தாளா?” என்றாள்.

“அதான் அதிர்ந்து பேசாதன்னு போட்டிருக்கேனே.”

“நான் போனா இதப் போட்டுடாதீங்க. எங்க ஊர்க்காரங்க, வேற யாரு வீட்டுக் காரியமோன்னு திரும்பிப் போயிடுவாங்க.”

அவள் ஊர் உப்பிலியபுரம். வரப்பில் நின்று, நாலு வயலுக்கு அப்பால் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் சின்ன வீட்டுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். மாடித் தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட துணியின் மேல் கொட்டும். அந்த அம்மா சண்டைக்கு வருவதற்குள் கொல்லையிலிருந்து இவள் குரல் வந்துவிடும்: “ஏங்க! மோட்டார நிறுத்துங்க!” முப்பத்தோரு வருடம் அது கேட்டது. கவிதைக்கு ஆகாத சத்தம் என்று விட்டுவிட்டேன்.

போன ஆவணியில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

எனக்கு அழுகை வரவில்லை. “உள்ளுக்குள்ள வெச்சிருக்காரு” என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். உள்ளே தேடிப் பார்த்தேன். அங்கேயும் ஏழாம் நம்பர்தான் இருந்தது.

அச்சகக்காரர் என்னைக் கேட்காமலே ஏழாம் நம்பரைப் போட்டு, அவள் பெயரைச் சேர்த்து, புரூஃப் கொடுத்து அனுப்பினார். குறை சொல்ல முடியாது, நான் எழுதியது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். ‘அதிர்ந்து பேசாத’ என்ற இடத்துக்கு வந்தபோதுதான் தண்ணீர் கொட்டும் சத்தம் காதில் விழுந்தது. கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூப்பிட ஆளில்லை என்பது உறைத்தது.

எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா துணிக்கொடியைத் தன் கொல்லையின் அந்தக் கோடிக்கு மாற்றிக் கட்டியிருந்தார். பத்து நாளாகத் தொட்டி தினமும் வழிந்திருக்கிறது. துக்க வீடு என்று அவரும் வாயைத் திறக்கவில்லை.

புரூஃபின் பின்பக்கம் எழுதினேன்:

மேல்தொட்டி நிறைந்து வழிகிறது.
நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.
யாரும் சத்தம் போடவில்லை.

அச்சகக்காரருக்குத் திருப்தியில்லை. “சார், அழுத்தம் பத்தலையே. அன்புன்னு ஒரு வார்த்தைகூடக் காணோம். ஒரு ‘ஐயகோ’வாவது சேத்துக்குவோமே?”

“வேண்டாம். சத்தமா அழற எடம் இல்ல அது.”

அவர் இன்னொரு தடவை படித்தார். ஓரத்தில் இருந்த குத்துவிளக்குப் படத்தை அவரே எடுத்துவிட்டார். நான் கிளம்பும்போது, “இத எட்டாம் நம்பரா ஃபைல்ல வெச்சுக்கவா சார்?” என்றார்.

“வேண்டாங்க. இது அவ ஒருத்திக்குத்தான்.”

உப்பிலியபுரத்துக்குப் போன பத்திரிகையைப் பார்த்துவிட்டு என் மச்சான் போன் செய்தார். “எங்க அக்காதான் மாமா” என்றார். பக்கத்து வீட்டம்மாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடி இரண்டு தடவை படித்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சண்டைக்கு வருகிற குரலில் சத்தம் வந்தது.

“சார்! தொட்டி வழியுது! மோட்டார நிறுத்துங்க!”

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். “நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்” என்று கத்தினேன். முப்பத்தோரு வருடமாக அவளுக்குச் சொல்லிவந்த பதில்தான். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.