'புவர்' என்று ஓர் அடைமொழி

காகிதத்தை டைப் மெஷினில் செருகும் முன்பே காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துவிடுவார் தையல்நாயகி. இங்கிலீஷில் எழுதியவர் வக்கீலே ஆனாலும் சரி, 'இன்' வரவேண்டிய இடத்தில் 'ஆன்' இருந்தால் ஒரு வட்டம். "நாளைக்கு இத்தப் படிக்கறவன், அடிச்சவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லக்கூடாது பாருங்க."

எண்பத்து மூன்றில் விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். அதிலிருந்து நாலு வருஷமாகத் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, தகரக் கூரையின் கீழ் கடை. பக்கத்துப் பெட்டிக்கடை என்னுடையது. அடைமொழி விஷயத்தில் மகா கஞ்சம். 'ஹம்பிள்', 'ஒபீடியன்ட்' என்று யார் எழுதி வந்தாலும் கோடு போட்டு நீக்கிவிடுவார். "கேக்கறது உரிமை. அதுல கும்புடு இன்னாத்துக்கு?"

போன வாரம் அம்மணி வந்தார். மல்லாட்டைக் கடலை உடைக்கும் ஆலையில் மெஷின் பெல்ட்டில் சிக்கிச் செத்துப்போன முத்துசாமியின் மனைவி. தனக்கு அங்கே ஒரு வேலை கேட்டு, யாரோ எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் மனுவை ஆலையின் சென்னை ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. தாள் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். ஓரத்தில், "இங்கிலீஷ் சரியில்லை." செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இலக்கணப் பாடமா! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது வேறு எது? எனக்கே ரத்தம் கொதித்தது.

"பொணம் விழுந்தது கண்ணுக்குத் தெரில, 'இன்', 'ஆன்' மட்டும் தெரியுதா? நானும் இதே வட்டம்தான் போட்டுக்கினு கீறேன். வெக்கமா கீதுங்க" என்றார் தையல்நாயகி.

தப்பே இல்லாமல் அடித்துக் கொடுத்தார். மறுநாளே அம்மணி திரும்பி வந்தார்.

"'புவர்'னு ஒரு வார்த்தை இல்லியாம்மா. ஏழைன்னு நீயே சொல்லலன்னா எவன் எரங்குவான்னு கேக்கறாரு ஆலை கிளார்க்கு. போட்டுருங்க."

"ஒழைச்சுத் துன்ன வேல கேக்கற. பிச்சையா கேக்கற?"

"பிச்சையோ கிச்சையோ, எனக்கு வேல கெடைக்கணும்மா. ரெண்டு புள்ளைங்க கீது."

 தையல்நாயகி இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து, முதலிலிருந்து அடித்தார். 'புவர்' வந்ததும் நான்கு இங்கிலீஷ் எழுத்தையும் ஆணி அறைவதுபோல் குத்தினார். மேல்தாள் ஆலைக்கு, அடித்தாள் அம்மணிக்கு.

மேல்தாளை மடித்துக் கொடுத்துவிட்டார். அடித்தாளை உடனே கொடுக்கவில்லை. மேசையில் பரப்பி, ரப்பரை எடுத்து, அந்த ஒரு சொல்லை மட்டும் தாள் நைந்துபோகும்வரை அழித்தார். தூளை ஊதிவிட்டு அம்மணியின் கையில் வைத்தார்.