தெருக்குத்துக்குப் பக்கத்து மனை

மேனாம்பேட்டில் அப்போது நாங்கள் குடியிருந்தது, ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகப் போர்ஷன்கள் தடுத்துவிட்ட பழைய வீடு. கடைசிப் போர்ஷன் எங்களுடையது. அதற்கு முந்தையதில் என் நண்பன் குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனும் நானும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவோம். மற்றபடி வித்தியாசம் என்று சொன்னால், அவர்கள் வீட்டுக் குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

என் மனைவிக்கும் அவன் மனைவிக்கும் நடந்த சண்டைகளை மட்டும் எழுதினாலே தனிப் புத்தகம் வரும். பெரும்பாலும் தண்ணீர் மோட்டார்தான் காரணம்.

"தொட்டி ரொம்பி வழியுது, காதுல இன்னா பஞ்சா வெச்சிகினு கீற?"

"ஆமா, உன் கொரலக் கேக்க முடியாமதான் வெச்சிகினு கீறேன்."

இப்படிக் காலையில் ஊரையே எழுப்புவார்கள். மதியத்துக்குள் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும், கழுவாமல் வேறு எதையோ நிரப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தக் கிண்ணமே எல்லாவற்றையும் பேசிவிடும்.

வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக உரிமையாளர் சொன்னபோது, எங்கள் எல்லோருக்கும் முதலில் வந்த பயம் வேறு வீடு கிடைக்குமா என்பதல்ல. இந்த இரண்டு பேரும் எப்படிப் பிரிந்து இருப்பார்கள் என்பதுதான். என் நண்பன்தான் வழி சொன்னான்.

"மச்சான், வாடக ஊட்ல இருந்தது போதும். ஆளுக்கொரு மன வாங்குவோம். பக்கத்துப் பக்கத்துல."

அன்று மாலையே பெண்கள் இருவரும் பேச்சிலேயே வீடு கட்டி முடித்துவிட்டார்கள். நடுவில் சுவர் கிடையாது. எல்லையில் ஒரே போர்வெல், இரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். "மோட்டார் சுவிட்சு மட்டும் எங்க ஊட்ல இருக்கணும்" என்றாள் என் மனைவி. அதற்கும் ஒரு சண்டை நடந்தது, இல்லாத மோட்டாருக்கு.

நான் மட்டும் வேறு வழியில் போனேன். படித்துத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பது என் குணம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனவனுக்கு வருகிற வெறி அது. பஸ்ஸில் போனாலும் கைப்பேசியில் நிலம் வாங்குவது பற்றிய வீடியோதான். தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா என்று ஒவ்வொரு வார்த்தையையும் மிட்டாய் மாதிரி வாயில் போட்டு உருட்டினேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்துப்போன வார்த்தை 'முதலீடு'. வீடியோவில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: வாங்கும்போதே விற்பதை நினைத்துக்கொள். டீக்கடையில் வந்து உட்காரும் தரகர் ஒருவரும் அதையே தன் பாணியில் சொன்னார்:

"சார், ஊடு கட்றவன் கண்ணு வேற, இன்வெஸ்ட் பண்றவன் கண்ணு வேற. உங்களுக்கு ரெண்டாவது கண்ணு கீது."

இப்படி ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் மயக்கம் வராது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து மனை பார்க்க வேன் கிளம்பியது. போக வர இலவசம், மதியத்துக்குப் பிரியாணிப் பொட்டலம். பட்டாபிராமைத் தாண்டி உள்ளே போனோம். கொடிகள் படபடக்க, வெள்ளையடித்த எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன. அங்கீகாரம் பெற்ற லேஅவுட், தாள்களிலும் குறை இல்லை. பெரும்பாலானவை விற்றுப்போயிருந்தன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அது ஏன் மிச்சம் என்பது போய் நின்றதும் தெரிந்தது. எதிரே வருகிற தெரு நேராக வந்து அதில் ஒரு மனையின் நெற்றியில் முட்டியது. தெருக்குத்து. அதில் வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

என் நண்பன் அந்த மனையில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"நான் இத எடுத்துக்கிறேன் மச்சான். நல்லத நீ வெச்சிக்க. உங்க ஆளுங்க தெருவப் பாத்து ஒரு புள்ளையார வெப்பாங்க இல்ல, நான் ஒரு மாதாவ வெச்சிட்டுப் போறேன். தெரு மொத்தமும் எனக்குக் கும்புடு போட்டுகினுதான் வரணும்."

அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மாதாவுக்குப் போட்டா உனக்குப் போட்ட மாதிரியா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் என் இரண்டாவது கண் சிரிக்கவில்லை. நாளைக்கு என் மனையை விற்கப் போனால், வாங்க வருகிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? பக்கத்துத் தெருக்குத்தைத்தான். இங்கே காற்றே சரியில்லை என்பான். விலையை அடிப்பான். இல்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வீட்டுக்கு வந்ததும் இதை என் மனைவியிடம் விளக்கினேன்.

"யாருக்கு விக்கப் போறீங்க?" என்றாள்.

"இப்ப இல்ல. பின்னாடி."

"பின்னாடி எங்க போகப் போறோம்? நாம குடியிருக்கத்தான வாங்கறோம்?"

"உனக்குப் புரியாது. இதுக்குப் பேரு ரீசேல்."

"அவ ஊடு பக்கத்துல வரும்னு வாங்கறோம். அது எனக்குப் புரியுது. அது போதாதா?"

போதும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி என் சொந்தக்காரர் ஒருவர் எப்போதோ வாங்கிப் போட்ட இடத்தின் விலை இன்றைக்கு எங்கேயோ போய் நிற்கிறது. அதே மாதிரி ஏரிக்கரை மனை ஒன்று, பட்டாபிராமைவிட இன்னும் உள்ளே தள்ளி இருப்பதாகத் தரகர் சொன்னார். போய்ப் பார்த்தேன். மனையின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் பளபளத்தது. "ஈசானியத்துல தண்ணி! இதுக்கு மேல இன்னா சார் வேணும்? வாஸ்து பாக்கறவன் கண்ண மூடிக்கினு வாங்குவான்" என்றார் அவர். நானும் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். தாய்ப்பத்திரத்தை வரிவரியாகப் பார்த்தேன். வில்லங்கம் பார்த்தேன். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்க மட்டும் தோன்றவில்லை.

நண்பன் எனக்காகப் பக்கத்து மனையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தான். நான் வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன் என்றதும் டீ கிளாசைக் கையில் உருட்டினான்.

"சரி உடு. உனக்கு எது நல்லதோ அதப் பண்ணு" என்றான். திட்டியிருக்கலாம். அவன் என்னைத் திட்டாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பெரிய மழையில் ஏரி, ஈசானியத்தோடு நிற்காமல் என் மனை முழுக்க வந்து உட்கார்ந்தது. எல்லைக்கற்களின் தலைகூடத் தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு விற்றுவிடப் பார்த்தேன். வாங்க வந்தவர்கள் எல்லோரும் பக்கத்து மரத்தில் சேறு படிந்திருந்த உயரத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். கட்டவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. பழைய காம்பவுண்டு இடிபட்டதும் மேனாம்பேட்டிலேயே வேறொரு தெருவில் வாடகைக்குப் போனோம். என்னைக் குத்திக்காட்ட என் மனைவிக்கு ஆயிரம் வாய்ப்பு கிடைத்தது. அவள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் பார்த்தேயிராத ஒருவனுக்குப் பிடிக்காது என்று, என் வீட்டில் இருப்பவளுக்குப் பிடித்த மண்ணை விட்டுவிட்டேன். முதலீடு பற்றி நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது அதுதான். அதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன்.

நண்பன் வீடு கட்டினான். வாசலில் தெருவைப் பார்த்து நீலக் கண்ணாடிக்குள் மாதா. புதுமனை புகுவிழாவுக்கு ஃபாதர் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். எனக்கென்று நின்ற மனையில் வேறொரு குடும்பம் அதற்குள் வீடு கட்டிக் குடிவந்திருந்தது. நடுவில் இடுப்பளவுச் சுவர். விருந்து நடந்துகொண்டிருந்தபோதே அந்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலாக ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். நண்பன் மனைவி வாங்கிக்கொண்டு, "இருங்கக்கா, ஏனத்த வெறுமையா தர மாட்டேன்" என்று உள்ளே ஓடினாள். என் மனைவி பந்தியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் கை அப்படியே இருந்தது.

போன மாதம் நண்பன் போன் செய்தான். மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி முடித்துவிட்டானாம்.

"வேற யாருக்கும் உட மாட்டேன் மச்சான். நீ வந்துரு. வாடகைன்னு உன்னப் புடுங்க மாட்டேன், குடுக்கறதக் குடு. தங்கச்சி கைல போன குடு, எங்க ஊட்டம்மா பேசணுமாம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஏதோ ஒரு விதத்தில் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"வேணாங்க. பக்கத்து ஊட்டுக்காரியா இருந்தா சண்ட போடலாம். குடியிருக்கறவளா போனா போட முடியாது. அவளும் போட மாட்டா, என்னப் பாத்துப் பாவப்படுவா."

பிறகு போனை வாங்கிக்கொண்டாள்.

"இல்லடி... அதெல்லாம் ஒண்ணுமில்ல. முட்டி வலிடி. மாடிப்படி ஏற முடியல. டாக்டரு கூடாதுன்ட்டாரு."

அவளுக்கு முட்டி வலி கிடையாது. அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, "ஆமா, தைலம் தேச்சிகினுதான் கீறேன்" என்று சிரித்தாள். அது மரியாதையான சிரிப்பு. அவர்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.