அனுப்புநர் முகவரி

அந்தக் கடிதத்தில் எங்கள் கதவு எண்ணை நான் ஏன் எழுதினேன்? இரண்டு மாதமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 

மாநிலத்தின் வரிகளையும் நிதிக் கொள்கையையும் ஆராய ஓர் ஆணையம் அமைக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பொதுமக்களும் கருத்து எழுதி அனுப்பலாம் என்றார்கள். திருமணத்துக்கு முன்பு விருதுநகரில் ஒரு வரி ஆலோசகரிடம் வேலை பார்த்தவள் நான். பட்டாசு ஆலைகளுக்கான வரிப் படிவங்களை நிரப்புவேன். அதனால் எனக்கு ஒன்று தெரியும். ஆலைக்குள் நடக்கும் வேலைக்கு பில் உண்டு, வரி உண்டு. வீட்டுக்கு வந்துவிடும் வேலைக்கு எதுவும் கிடையாது. வரி அழுத்தினால் சிறிய ஆலைகள் வேலையை வீடுகளுக்கு அனுப்பிவிடும். வெடிமருந்தும் கூடவே வரும்.

"ஆணையத்துக்கே பாடம் எடுக்கப் போறியோ?" என்று கணவர் சிரித்தார். அவர் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். "எழுது, எழுது. அப்படியே காலண்டர் அட்டைக்கும் வரியைக் குறைக்கச் சொல்லு."

அப்போது நான் எழுதவில்லை.

எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கம். பெயரை இந்த முறை எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். மகள் பிறந்தபோது மூன்று மாதம் அவளைக் குளிப்பாட்டியது அந்த அக்காதான். நான் எங்கே போனாலும் மகள் அங்கேதான் இருப்பாள். வெடிகளைச் சரமாகப் பின்னும் வேலையை அக்கா வீட்டுக்கே கொண்டுவருகிறார் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். வீட்டில் வைத்துப் பின்னுவது சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். தெரியாததுபோல இருந்தேன்.

ஒரு மதியம் சாத்தூரில் வங்கி வேலையை முடித்துவிட்டு மகளைக் கூப்பிடப் போனேன். அவள் கழுத்தில் பாதி பின்னிய வெடிச்சரம் மாலையாகக் கிடந்தது. விரல்களில் சாம்பல் நிறப் பொடி. நாலு எட்டு தள்ளி அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"பாரு, உம்மக கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கா" என்றார் அக்கா.

"அக்கா, அடுப்பு எரியுதே."

"அது அங்கன எரியுது, இது இங்கன கெடக்கு. எதுக்கு இம்புட்டு பயப்படுதே? எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாம் இதுக்குள்ளதான் வளந்துச்சுக."

சரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். "வாரேன்க்கா" என்றேன். அவ்வளவுதான். மகளுக்கு மூன்று முறை சோப்புப் போட்டேன். அவள் தூங்கியதும் ஆணையத்துக்கு எழுத உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சொல்ல முடியாததைச் சென்னைக்குச் சொன்னேன்.

பள்ளியில் கற்றுக்கொடுத்தபடியே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். அனுப்புநருக்குக் கீழே பெயர், கதவு எண், தெரு. சிறிய ஆலைகளுக்கு வரியைக் குறையுங்கள், வேலை ஆலைக்குள்ளேயே நடக்கட்டும் என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எடுத்துக்காட்டு இல்லாவிட்டால் மதிப்பெண் கிடைக்காது என்ற பழைய பழக்கம். "எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண்மணி" என்று தொடங்கி, மகள் கழுத்துச் சரம் வரை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பியபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆமத்தூர் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. என் கதவு எண் தெரிந்தவருக்குப் பக்கத்து வீட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அன்றிலிருந்து தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன், அக்காவைத் தேடி வருகிறார்களோ என்று. அக்கா வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். எந்தப் பயம் பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பதில் வந்தது. நான் வீட்டில் இல்லாததால் தபால்காரர் அக்காவிடம் கொடுத்திருக்கிறார்.

"ஏ பிள்ள, கவர்மெண்டு கடுதாசி. சீலெல்லாம் குத்தியிருக்கு. வேலை கிடைச்சிருச்சா?"

"இல்லக்கா. வரி சம்பந்தமா விருதுநகர்ல கூட்டமாம். வந்து பேசச் சொல்லியிருக்காக."

"வரியா? எங்க வீட்டு எலிக்கும் போடச் சொல்லு. அதுதான் ஓசியில திங்குது." சிரித்துவிட்டுச் சட்டென்று என் கையைப் பிடித்தார். "போனா எங்களப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லு தாயி. ஆர்டர் இல்லன்னு கம்பெனில ஆளக் குறைச்சுட்டாக. வீட்டுல பின்னலேன்னா எங்களுக்குச் சோறு இல்ல. படிச்ச பிள்ள நீ, சொன்னா கேப்பாக."

"சொல்றேன்க்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடிதத்தின் கடைசி வரியை அவர் போனபிறகுதான் படித்தேன். வந்த கருத்துகள் அனைத்தும் அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்க்கப்படுமாம். "பேசாம நீ எழுதினதைத் திருப்பி வாங்கிரு" என்கிறார் கணவர். வாங்கிவிட்டால் அக்கா தப்பிப்பார். சரமும் அடுப்பும் அதே இடத்தில்தான் இருக்கும்.

மகளுக்குச் சளி என்று பொய் சொல்லி, அவளை அங்கே விடாமல் வைத்திருக்கிறேன். அவள் கரண்டியால் சுவரைத் தட்டுகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் பதிலுக்குத் தட்டுகிறார்.

கூட்டம் வருகிற புதன்கிழமை. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கடிதத்தைத் திரும்பப் பெறுவதா? கதவு எண்ணை மட்டும் அடித்துவிடச் சொல்லிக் கேட்டால் கேட்பார்களா? அல்லது அதற்கு முன்பே அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதா? சொல்லத்தான் வேண்டுமென்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.