ஓவர்லாக் சத்தத்துக்குப் பாடியவள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவன் பேய்க் கதை சொன்னால் இன்டர்னல் மார்க் ஏறாது. இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே இதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 2006, போகிப் பண்டிகை. பட்டப்பகலில், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு மாடியில் நடந்தது.

பொங்கலுக்குத் திருப்பூரைப் பார்த்திருக்கிறீர்களா? தெற்கே போகிறவர்கள் எல்லோரும் பஸ் ஏறிவிட்டால் மிச்சமிருப்பது நாய்களும் நானும்தான். நாய்களாவது கூட்டமாக இருக்கும்.

செல்வக்குமார் அண்ணன் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்தார். சுவர் முழுக்க வேஸ்ட் பனியன் துணி அடைத்த அறை. அந்த வாரம்தான் கம்ப்யூட்டரை விண்டோஸ் 98-இலிருந்து எக்ஸ்பிக்கு மாற்றியிருந்தார். பழைய பாட்டு சாஃப்ட்வேர் திறக்க மறுத்துவிட்டது.

"எப்படியாச்சு ஓட வெச்சிரு கண்ணு. ராக்கையா சாயங்காலம் ஊருக்குப் போகோணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, உடுமலைப்பேட்டையில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

ராக்கையா கீழே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். உசிலம்பட்டிப் பக்கம். அவர் மனைவி ஒச்சாயி அங்கேயே ஓவர்லாக் மிஷினில் பனியன் ஓரம் அடிக்கும் டெய்லர். கார்த்திகையில் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கு முன், ஆயுத பூஜை லீவில், இந்த ஸ்டூடியோவில் ஒரு தாலாட்டுப் பாடியிருந்தார். ஹெட்போனில் தாளம் போட்டால் அவருக்குப் பாட வரவில்லையாம். மிஷினில் உட்கார்ந்தே பாடிப் பழகியவர். செல்வக்குமார் அண்ணன் ஓவர்லாக் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து போட்டாராம். ஒச்சாயி ஒரே தடவையில் பாடி முடித்தாராம்.

"பய அவ கொரல் இல்லாம ஒறங்க மாட்டேங்குறான் தம்பி. ஊர்ல எங்கம்மா தோள்ல போட்டுக்கிட்டே நடக்குது" என்றார் ராக்கையா. அந்தத் தாலாட்டை சிடியில் வாங்கிப்போகத்தான் ஊர்க்காரர்களோடு போகாமல் தங்கியிருந்தார்.

நான் மவுஸோடு மல்லுக்கட்டினேன்.

"தெறக்கலைன்னா கோடாங்கியக் கூட்டியாந்து உடுக்கையடிச்சுப் பாக்கட்டுமா தம்பி?"

"எக்ஸ்பிக்குக் கோடாங்கி ஒத்துவராதுண்ணே."

டிக்கெட் எடுத்து வருவதாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் மட்டும்.

'இது இன்னும் விண்டோஸ் 98தான், எதுவும் மாறவில்லை' என்று பழைய சாஃப்ட்வேரிடம் பொய் சொல்லும் வசதி எக்ஸ்பியில் உண்டு. சொன்னேன். நம்பிவிட்டது. திறந்தது.

திரையில் இரண்டு வரிசைகள். 'மிஷின்' என்ற வரிசையில் சத்தத்தின் அலைகள் இருந்தன. 'ஒச்சாயி' என்ற வரிசையில் ஒன்றுமில்லை. நேர்கோடு. செல்வக்குமார் அண்ணனுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். டர்ர்ர்... டர்ர்ர்... ஓவர்லாக் மட்டும். அந்த மனிதரிடம் என்ன சொல்வது?

டர்ர்ர்... டர்ர்ர்...

நடுவில் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

மைக்கைப் பார்த்தேன். ஒயர் கழற்றிச் சுருட்டி, ஆணியில் தொங்கியது.

பாட்டு ஆரம்பித்தது. தணிந்த குரல். மிஷின் நிற்கும் இடத்தில் நின்று, ஓடும் இடத்தில் ஓடியது.

'ஒச்சாயி' வரிசையில் அதே நேர்கோடு.

நிறுத்தினேன். மிஷின் நின்றது. பாட்டும் நின்றது.

அமைதி.

பிறகு, காதுக்குள், மிக அருகில்...

"மிஷின நிப்பாட்டாதீக தம்பி... இன்னுங் கொஞ்சந்தேன்."

ஓடவிட்டேன்.

பாடி முடித்தார்.

அப்படியே சிடியில் ஏற்றினேன். போட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. ராக்கையா வந்து, "பாடுதா தம்பி?" என்றார். "பாடுதுண்ணே" என்றேன். சிடியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஷட்டரை இறக்கிவிட்டுத் தெருவில் நின்றேன். பேசுவதற்கு ஓர் ஆள் கிடையாது.

பொங்கல் கழித்து செல்வக்குமார் அண்ணன் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்தார்.

"பாடுனவங்க கொரலெல்லாம் இதுலதான கண்ணு இருக்குது? எக்ஸ்பி போடறப்ப அழிஞ்சிருமோன்னு கழட்டி வெச்சேன். உன்றகிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

சிடியில் நான் ஏற்றிய பாட்டின் நகல் கம்ப்யூட்டரில் இருந்தது. இருவரும் கேட்டோம். வெறும் ஓவர்லாக். முதலிலிருந்து முடிவு வரை.

அப்படியென்றால் ராக்கையா கொண்டுபோனதும் வெறும் மிஷின் சத்தம்தானே? பையன் இன்னும் அழுதுகொண்டிருப்பானே... உடனே அவருக்கு போன் போட்டேன்.

"பையன் எப்படிண்ணே இருக்கான்?"

"நல்லா ஒறங்குறான் தம்பி. நான் வந்து எறங்குன அன்னைக்கே ஒறங்கிட்டான்."

"சிடி சரியாக் கேக்குதாண்ணே?"



"அத இன்னும் பையவிட்டே எடுக்கல தம்பி. இங்க பிளேயர் இல்ல. யார்கிட்டயாவது எரவல் வாங்கணும்."

"அப்புறம் எப்படிண்ணே தூங்குறான்?"

"அதுதான் தம்பி எனக்கும் வெளங்கல. காலையில எங்கம்மா கேக்குது, 'ராத்திரி பாட்டு நல்லாக் கேட்டுச்சே, எப்பய்யா போட்ட?'ன்னு."