கருப்பு வெள்ளை மானிட்டர்

ஐப்பசி, இரண்டாம் சனிக்கிழமை. காலை பத்தரைக்கு அப்பாவும் அண்ணனும் நானும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். பத்தே முக்காலுக்குக் கணினிக் கடைக்குள் நுழைந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கருப்பு வெள்ளை மானிட்டர் ஒன்றுடன் வெளியே வந்தோம். மறுவாரம் நடந்த ரயில்வே மருத்துவப் பரிசோதனைக்கு அண்ணன் போகவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. துபாயிலிருந்து வந்த மாமா கணினிப் பெட்டியை மட்டும் கொண்டுவந்திருந்தார். மானிட்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதே மாதத்தில் அண்ணன் உதவி ரயில் ஓட்டுநருக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். எங்கள் ஊர் ரயில்வே ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த அப்பா, மகன் எஞ்சினில் ஏறப்போவதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். அந்த மகிழ்ச்சியில், விளையாட்டுக்கு ஏற்ற கலர் மானிட்டரே வாங்கலாம் என்று எனக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

கடையில் இரண்டும் அருகருகே இருந்தன.

"கருப்பு வெள்ளையே போதும்ப்பா. கலர்ல கண்ணு வலிக்கும்" என்றார் அண்ணன். பார்ப்பதற்கு முன்பே வலி எப்படித் தெரிந்தது என்று நான் சண்டைக்கு நின்றேன்.

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர், கடையிலேயே பத்து முறையாவது பூட்டித் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டார். அப்பா மானிட்டரையும் அப்படித்தான் அணுகினார். "அப்பு, நீ வெளையாடிக் காட்டு. செத்த நேரம் ஓடட்டும், பாப்போம்" என்று அண்ணனைக் கலர் மானிட்டரின் முன் உட்காரவைத்தார்.

மேலிருந்து பந்துகள் விழும். சிவப்பை மட்டும் சுடவேண்டும். பச்சையைச் சுட்டால் ஆட்டம் முடிந்தது. முதலில் விழுந்தது பச்சை. அண்ணன் சுட்டார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் பச்சை.

"என்ன தம்பி, செவப்ப விட்டுப்புட்டுப் பச்சையவே போட்டுத் தள்ளுறீக! பச்சை மேல என்ன பகை?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"அண்ணே, அது பச்சைண்ணே! இம்புட்டுப் பெருசா இருக்கு, கண்ணு தெரியலையா?" என்று கடை முழுவதும் கேட்கும்படி நான் கத்தினேன்.

அண்ணனின் விரல் அப்படியே நின்றது. அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "கருப்பு வெள்ளையவே கட்டுங்க" என்றார். நான் அழுததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

திரும்பும் பேருந்தில் அப்பா தாழ்ந்த குரலில் அண்ணனிடம் கேட்டார்: "முன்னால உக்காந்திருக்க அம்மா சேலை என்ன கலருப்பா?"

அண்ணன் வாய் திறக்குமுன், "செவப்பு!" என்றேன்.

"எதுக்க வார லாரி?"

"பச்சை!"

"ஏலே, நீ பேசாம வா. அவன் சொல்லட்டும்."

அண்ணன் மடியிலிருந்த அட்டைப்பெட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தார். அப்பா மூன்றாவதாகவும் ஒன்று கேட்டார். அதற்கும் நானே முந்தினேன். கலர் மானிட்டருக்குத் தகுதியானவன் எவன் என்று அப்பா சோதிக்கிறார், நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவரை எஞ்சினில் ஏற்றமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அண்ணன் போன தை மாதம் காலமானார்.

நான் செய்யாமல் விட்டவை:

அன்று கடையில் கத்தியவன் நான்தான் என்று அண்ணியிடம் சொல்வது.

அண்ணன் கூப்பிட்டபோதெல்லாம் தள்ளிப்போடாமல், அவரோடு ஜங்ஷனுக்கு நடந்துபோய் ரயில் பார்ப்பது.

அவர் கண்ணுக்கு எது எப்படித் தெரிந்தது என்று ஒருமுறையாவது கேட்பது.