எட்டு மணி மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு என் கிட்னியைத்தான் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று நர்ஸம்மா நிறையச் சொன்னார்கள். காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை நேரம் தவறக் கூடாது என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது. நான் பிடித்தால் பிடித்ததுதான். நடவு நடந்துகொண்டிருந்தாலும் வரப்பிலேயே அவர் வாயில் போட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

மாதாமாதம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சென்னைக்குப் போவோம். உத்திரமேரூரில் ஏழு மணி பஸ். செங்கல்பட்டு தாண்டும்போது எட்டாகிவிடும்.

"வாயத் தொற" என்பேன்.

"எல்லாரும் பாக்குறாங்கமே."

"பாக்கட்டும். உள்ள கீறது என் கிட்னி."

ரிப்போர்ட்டில், ரத்தத்திலிருக்கும் மருந்தின் அளவு எப்போதும் கூடுதலாகவே இருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தார். உடம்பு தேறுகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மூன்றாம் வருஷம் அவருக்குக் கால் வீங்கியது. அவர் உடம்பு என் கிட்னியை வேற்றாளாகப் பார்த்து, அதை எதிர்க்க ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டது என்றார்கள். அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தபோது நர்ஸம்மா என்னிடம் கேட்டார்கள்: "ரத்தம் குடுக்குற அன்னிக்கு மாத்திரை எப்போ போடுவாரு?"

"கரெக்டா எட்டுக்கு மேடம். பஸ்லயே குடுத்துடுவேன். ஒரு நாளும் தவறினதில்ல."

அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ராத்திரி போட்ட மாத்திரை காலைவரை ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கத்தான் அந்தச் சோதனையாம். ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. நான் முன்னாலேயே ஊட்டியதால் அளவு பொய்யாக ஏறியது. அந்தப் பொய்யை நம்பித்தான் மருந்து குறைந்தது; உடம்பின் எதிர்ப்பை அடக்க அது போதவில்லை. வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே சொன்னார்களாம். சொல்லியிருப்பார்கள். பாழாய்ப்போன இந்தக் காதில் விழவில்லை.

ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். ஆன்டிபாடி இறங்கவில்லை. கிட்னி இந்த வருஷம் தாண்டாது, டயாலிசிஸுக்குத் தயாராகுங்கள் என்றார் டாக்டர்.

"உன் கிட்னியும் உன்ன மாரியே, எங்கூட சண்ட போட்டுக்கினு கீது" என்று அவர் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் போன வாரம்தான் முதல்முறையாக ரத்தம் கொடுக்கப் போனோம். செங்கல்பட்டு தாண்டியது. மாத்திரையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் சொல்லாமலே அவர் வாயைத் திறந்தார்.

"இன்னாமே, எட்டாயிடுச்சி. மறந்துட்டியா?"

"ஆமா" என்றேன். "மறந்துட்டேன்."